நர்மதாவின் இருபது ரூபாய்ப் பத்திரம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், வாரியத்து வீட்டை வாங்கிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் போய்விட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

நர்மதா டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே மீன் விற்பவள். விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் கூடை எடுத்து, ஏழு மணிக்கெல்லாம் கடை விரித்துவிடுவாள். வயது நாற்பத்தேழு. புருஷன் பாஸ்கர் விசைப்படகில் கடலுக்குப் போனால் கரையேறப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். ஒரே மகள் அம்மு நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பாதி விலைக்குக் கேட்பவர்களை நர்மதா பேசும் பேச்சைக் காதால் கேட்டவர்கள், இந்தப் பொம்பளைக்குப் பயம் என்று ஒன்று இருக்குமா என்று நினைப்பார்கள். இருந்தது. அவள் குடியிருந்த வீட்டைப் பற்றிய பயம் அது.

வீடு என்றால் பி பிளாக்கில் இரண்டாவது மாடி, இருநூற்று முப்பது சதுர அடி. மேல்தளத்தில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரியும். மழைக்காலத்தில் சோறு வடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குடிசைகளை எடுத்துவிட்டு அரசாங்க வாரியம் கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. வீடு யார் பெயருக்கு அலாட்மென்ட் ஆனதோ அவரும் அவர் குடும்பமும்தான் குடியிருக்கலாம். வாடகைக்கு விட்டால் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் விற்கக் கூடாது. இது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே எல்லோரும் விற்றார்கள், தெரிந்தே எல்லோரும் வாங்கினார்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றில் நாலு வரி எழுதி, நோட்டரி வக்கீலிடம் சீல் குத்தி, பிளாக்கில் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, அலாட்மென்ட் காகிதத்தைக் கைமாற்றிவிட்டால் வேலை முடிந்தது. சார்பதிவாளர் ஆபீஸ் இருக்கும் திசையில் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை.

நர்மதாவும் அப்படித்தான் வாங்கினாள், பதினைந்து வருஷத்துக்கு முன்னால். விற்றவர் இன்னாசி, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மனைவிக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷனுக்குக் கையில் காசில்லை. நர்மதா தன் கழுத்துச் சங்கிலியை விற்றாள், பாஸ்கர் முதலாளியிடம் முன்பணம் வாங்கினான். இன்னாசியின் மனைவி பிழைக்கவில்லை. அவர் மகள் ஃப்ளோராவோடு எண்ணூருக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நர்மதா செய்தது ஊரில் எல்லோரும் செய்ததுதான், ஆனால் இவள் ஒழுங்காகச் செய்தாள். வாரியத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய தவணையை ஒரு மாதம் விடாமல் கட்டினாள். ரசீது இன்னாசி பெயரில் வந்தது. கரண்ட் பில் இன்னாசி பெயரில் வந்தது. பெயரை மாற்றப் போனால் கேள்வி வரும், கேள்வி வந்தால் வீடு போகும் என்று வாயைத் திறக்காமல் கட்டினாள். அந்த ரசீதுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நூல்கட்டி வைத்திருந்தாள். பதினைந்து வருஷமாக அவள் கட்டிய ஒவ்வொரு ரசீதும், இந்த வீடு இன்னாசியுடையது என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

மெட்ரோ வந்தது. அதுவரை இந்தப் பக்கம் எட்டிப்பார்க்காத புரோக்கர்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். அரை அடி தள்ளி நின்றால் சாக்கடை நாறுகிற இடத்தை 'ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷம்' என்று விற்றார்கள். ஏழு லட்சம் என்றார்கள், ஒன்பது என்றார்கள், பன்னிரண்டு என்றார்கள். எல்லாம் அதே இருபது ரூபாய்த் தாளில். விலை ஏறிய செய்தி வரும் அன்றெல்லாம் நர்மதா வீட்டில் ஒரு வறுவல் கூடுதல். விலை ஏறுவது நமக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாடிப்படிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பிளாக் சங்கத்துச் செயலாளர் பீம்ராவ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எல்லோருக்கும் படித்துக் காட்டினார். கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, இடித்துவிட்டு லிஃப்ட் வைத்த புது அடுக்குமாடி கட்டப் போகிறார்கள், வீடு ஒவ்வொன்றும் நானூறு சதுர அடி. அடுத்த வாரம் வியாழக்கிழமை கணக்கெடுப்பு. அலாட்மென்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் நின்று கைரேகை வைத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். நர்மதா கூட்டம் கலையும்வரை காத்திருந்து பீம்ராவைப் பிடித்தாள். அவள் பத்திரத்தில் முதல் சாட்சி அவர்தான்.

"பீமண்ணே, என் கதி இன்னா?"

"உன் கதி மட்டுமா? இந்த பிளாக்ல பாதிப் பேரு கதி இதான்."

"நான் வாங்குன வூடுன்னு உள்ளதச் சொல்லிட்டா?"

பீம்ராவ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பைத்தியமா நீ? கொருக்குப்பேட்டைல என் மச்சினி அப்டித்தான் உண்மை பேசுனா. வித்த வூடுன்னு எழுதிகினாங்க. வித்தவனுக்கும் இல்ல, வாங்குனவளுக்கும் இல்ல. நாலு வருஷமா ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கிகினு கீறா. பேசாம இன்னாசியக் கூட்டியா. அவரு வூட்டுக்காரரா நிக்கட்டும், நீ தங்கச்சின்னு சொல்லிக் கூட நில்லு. டோக்கன வாங்கி நீ வெச்சுக்க. மத்தது அப்பால பாத்துக்கலாம்."

"அவரு வரலன்னா? வந்துட்டு, வூடு என்னுதுன்னு சொல்ட்டா?"

பீம்ராவ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

பாஸ்கருக்குப் போன் போட்டாள். கடலுக்குள் எங்கே கிடைக்கும்? அவன் படகு கரைக்கு வருவது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. கணக்கெடுப்பு வியாழக்கிழமை.

மறுநாளே எண்ணூருக்கு பஸ் ஏறினாள். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற சாலையில் பஸ் நகரவே இல்லை. இன்னாசி உயிரோடு இருக்கிறாரா என்பதே அவளுக்குத் தெரியாது. செத்துப் போயிருந்தால் என்ன செய்வது என்று யோசித்தாள். அப்படி யோசித்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

இன்னாசி உயிரோடுதான் இருந்தார். எழுபது தாண்டிய உடம்பு. துணி காயப்போட்டால் கரித்தூள் படிகிற ஒரு சந்தில், மகளின் வாடகை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, என்ன அடையாளம் தெரிதா?"

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? பாஸ்கர் சம்சாரம் நர்மதாதானே. வூடு நல்லா கீதா?"

அந்த ஒரு கேள்வியில் நர்மதாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. விஷயத்தைச் சொன்னாள். முழுதும் கேட்காமலே தலையாட்டினார்.

"உன் வூட்டுக்கு என் கைநாட்டு வேணும். அவ்ளோதானே? வந்து வெச்சுட்டுப் போறேன். இதுக்கா இம்மாந் தூரம் வந்த?"

டீ கொண்டுவந்த ஃப்ளோரா உள்ளே போகவில்லை. கதவில் சாய்ந்து நின்றாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். புருஷன் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை. இந்தப் பதினைந்து வருஷத்தில் ஐந்து வீடு மாறிவிட்டதாக அவளே சொன்னாள்.

"புது வூடு நானூறு அடியாக்கா?"

"அப்டித்தான் சொல்றாங்க."

"லிஃப்ட்டு வேற வெக்கறாங்களாமே. யார் பேருக்குக் குடுப்பாங்க?"

நர்மதா டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தாள். "இப்பத்திக்கு... அண்ணன் பேருலதான். அப்பால மாத்திக்கலாம்னு பீமண்ணன் சொல்லிச்சு."

"நைனா பேருலயா?" என்றாள் ஃப்ளோரா. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த ஒரு கேள்வி மறுநாள் முழுக்க நர்மதாவின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வஞ்சிரத்தைத் துண்டு போடும்போது கேட்டது. சில்லறை எண்ணும்போது கேட்டது. வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கைக்காரிக்கு மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறந்தாள். அந்த அம்மாவே திரும்பி வந்து கொடுத்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டு ஜெமிமா சொன்னாள். "யாரோ புருஷன் பொஞ்சாதி வந்தாங்கக்கா. கீழ நின்னுகினு உன் வூட்டையே போட்டோ புட்ச்சாங்க. சைக்கிள் கடைல இங்க இன்னா ரேட்டு போவுதுன்னு கேட்டாங்களாம். அந்தப் பொண்ணு இன்னாசி தாத்தா ஜாடையா இருந்துச்சு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் பேய் நிஜமாகவே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது? போலீசுக்குப் போக முடியாது. வக்கீலிடம் போக முடியாது. அவள் கையிலிருந்த ஒரே ஆதாரம் அந்த இருபது ரூபாய்த் தாள். அதைக் காட்டினால் முதலில் மாட்டுகிறவள் அவள்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரத்தை விட்டுவிட்டு எண்ணூருக்குப் போனாள். மீன்காரி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை கடை போடவில்லை என்றால் அவள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்து இன்னாசி மாதா கோயிலிலிருந்து தனியாக வந்தார். வாசலில் மாதா சிலை வைத்த கெபியின் முன் அவரை நிறுத்தினாள்.

"அண்ணே, பச்சையா சொல்றேன், எனக்கு பயமா கீது. உன் பொண்ணு வந்து பாத்துட்டுப் போயிருக்கு."

"அது சும்மா பாக்க வந்துருக்கும்மா. பொறந்து வளந்த எடமில்ல?"

"இருக்கட்டும். எனக்கு ஒரு வார்த்த குடுண்ணே. அந்த வூடு நர்மதாவுதுதான், யாரு கேட்டாலும் அதான் சொல்லுவேன்னு மாதா முன்னாடி சத்தியம் பண்ணு."

இன்னாசி அவளைப் பார்த்தார். வருத்தம் இருந்தது அந்தப் பார்வையில், கோபம் இல்லை. செருப்பைக் கழற்றினார். ஒரு மெழுகுவத்தி வாங்கி ஏற்றினார். கிராதியில் கைவைத்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

"மாதாவே சாட்சி. அந்த வூடு நர்மதாவுது. யாரு கேட்டாலும் நான் அதத்தான் சொல்லுவேன். மாத்திப் பேசுனா என் கண்ணு அவிஞ்சு பூடட்டும்."

நர்மதா அழுதாள். அவ்வளவு பெரிய சத்தியம் வாங்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அவருக்கு டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த மூன்று நாளும் அவள் பழையபடி வாடிக்கைக்காரர்களைத் திட்டினாள்.

வியாழக்கிழமை காலை இன்னாசி தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். கூடவே ஃப்ளோராவும் வந்தாள். பீம்ராவ் அவரை ஓரமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "நீதான் வூட்டுக்காரன். இது உன் தங்கச்சி. வேற எதுவும் பேசாத, இன்னா?" இன்னாசி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவர் என்பதை நர்மதா அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

கணக்கெடுக்க வந்தது வாரியத்து இன்ஜினியர் பொண்ணு. சின்ன வயது. இருபது வீடு ஏறி இறங்கிய வியர்வையோடு, கையில் டேப்லெட்டும் கைரேகை மெஷினுமாக வந்தாள். அலாட்மென்ட் காகிதத்தைப் பார்த்தாள். ரசீதுக் கட்டைப் பார்த்தாள். "ஒரு மாசம்கூட பாக்கி இல்லையே" என்று சொல்லிச் சிரித்தாள். மூட்டை தூக்கித் தேய்ந்த விரல் மெஷினில் பதியவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நாலாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது.

அப்பாடா என்று நர்மதா சுவரில் சாய்ந்தாள்.

"எத்தனை வருஷமா ஐயா இந்த வீட்ல இருக்கீங்க?" இன்ஜினியர் பொண்ணு டேப்லெட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

இன்னாசி நெஞ்சில் ஒரு தடவை சிலுவை போட்டுக்கொண்டார்.

"நான் இல்லம்மா. நர்மதாதான் கீது, பதினஞ்சு வருஷமா. இந்த வூடு அதுது. நான் அதுக்கு வித்துட்டேன்."

பீம்ராவ் தலையில் கைவைத்துக்கொண்டார். இன்ஜினியர் பொண்ணின் விரல் அப்படியே நின்றது.

"பெரியவரே, நான் இன்னும் எதுவும் ஏத்தல. வித்தாச்சுன்னு ஏத்திட்டா அலாட்மென்ட் ரத்துக்குப் போயிடும். உங்களுக்கும் வீடு கிடையாது, அவங்களுக்கும் கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க இன்னாம்மா கீது? மாதா முன்னாடி சொன்னது."

சொல்லிவிட்டு அவர் நர்மதாவைத் திரும்பிப் பார்த்தார். கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன் பார் என்கிற நிறைவு முகம் முழுக்க இருந்தது.

பத்து நாளாக அவர் பொய் சொல்லிவிடுவாரோ என்று செத்துச் செத்துப் பிழைத்தவள் நர்மதா. அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று ஒரு நிமிஷம்கூட அவள் பயந்ததில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றாள் இன்ஜினியர் பொண்ணு. அவள் குரலில் கடுமை இல்லை, அவசரம்தான் இருந்தது. "நீங்க யாரு?"

நர்மதா கணக்குப் போட்டாள். ஆமாம், நான் வாங்கினேன் என்றால் வீடு ஒருவருக்கும் இல்லை. அம்முவுக்கு இல்லை, பாஸ்கருக்கு இல்லை, நாளை வந்து இடிப்பார்கள், கையில் எதுவும் இருக்காது. இல்லை என்றால் வீடு இருக்கும், ஆனால் இன்னாசிக்கு இருக்கும். தங்கச்சி என்ற கதை இனி எடுபடாது. படியோரம் நின்றிருந்த ஃப்ளோராவை ஒரு தடவை பார்த்தாள். ஃப்ளோராவும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடகைக்கு கீறேம்மா" என்றாள் நர்மதா.

"இவர் வித்துட்டேன்னு சொல்றாரே?"

"வயசாயிட்ச்சு. மறதி. இன்னான்னவோ சொல்லிகினு கீறாரு."

"இன்னா நர்மதா இது?" இன்னாசி பதறிப்போனார். "நீதானேம்மா அன்னிக்கு..."

"சும்மா இருண்ணே!" நர்மதா கத்தினாள். அந்த மனிதரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்க்க முடியாமல் அவள் தரையைப் பார்த்தாள்.

"வாடகை எவ்வளவு?"

"நாலாயிரம்."

"யார்கிட்ட குடுக்கறீங்க?"

"அவராண்டதான்."

இன்ஜினியர் பொண்ணு அதையே டேப்லெட்டில் ஏற்றினாள். இன்னாசியைக் கதவோரம் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தாள். டேப்லெட்டை நர்மதாவிடம் நீட்டி, வாடகைதாரர் என்று போட்ட கட்டத்தில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னாள். விரலில் மீன் செதில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, சேலையில் துடைத்துவிட்டு, நர்மதா போட்டாள். பதினைந்து வருஷத்தில் அந்த வீட்டு விஷயமாக அரசாங்கத்துக்கு முன்னால் அவள் தன் சொந்தப் பெயரை எழுதியது அன்றைக்குத்தான்.

மஞ்சள் டோக்கனைக் கிழித்து இன்னாசியிடம் கொடுத்துவிட்டு இன்ஜினியர் பொண்ணு அடுத்த வீட்டுக்குப் போனாள். இன்னாசிக்கு நடந்தது எதுவும் விளங்கவில்லை. டோக்கனை இரண்டு கையாலும் பிடித்து நர்மதாவிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. உன்னுது."

நர்மதாவின் கைக்கு முன்னால் ஃப்ளோராவின் கை வந்துவிட்டது. "நைனா பேருல கீறதுக்கா. நாளைக்கு ஆபீஸ்ல அவரத்தான் கேப்பாங்க. எங்கூட்லயே இருக்கட்டும்." டோக்கனை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

நர்மதா பீம்ராவைப் பார்த்தாள். பீம்ராவ் வேறு யாருக்கோ எதையோ விளக்கத் தொடங்கியிருந்தார்.

கீழே சைக்கிள் கடைவரை நர்மதா அவர்களோடு நடந்தாள். ஏன் நடக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. டோக்கன் போகிற பக்கம் கால் போயிற்று. ஷேர் ஆட்டோ வந்தது. அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு ஃப்ளோரா திரும்பினாள்.

"நீ ஒண்ணும் பயப்படாதக்கா. நாங்க அப்டிப்பட்டவங்க இல்ல."

"தெரியும்மா" என்றாள் நர்மதா.

ஃப்ளோரா ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ கிளம்பும்போது ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் தலையை வெளியே நீட்டினாள்.

"ஆனா நாலாயிரம்னு ஏன்க்கா சொன்ன? நான் வெசாரிச்சேன், இங்க இப்ப ஏழாயிரத்துக்குக் கம்மியா வூடே இல்லியாமே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நர்மதாவும் சிரிக்க வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.